முனையில் தங்கிய நீலம்

அன்று வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அடுப்படியில் அம்மா. சுவரோரப் பலகைகளில் காய்ந்துகொண்டிருந்த சோப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. எலெக்ட்ரானிக் தராசின் முன்னால் நான். வாசற்படியிலேயே நின்று ஒரு நீலச் சோப்பை மோந்து பார்த்துக்கொண்டு எங்கள் மாதா கோயில் மாதர் சங்கத்தின் தலைவி. அவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் லிங்கராஜபுரத்தில் எல்லோருக்கும் அவர் 'மிஸ்'தான். அப்பா இல்லை. லாரியில் மங்களூர்ப் பக்கம் லோடு கொண்டு போயிருந்தார். அவர் மட்டும் இருந்திருந்தால் என்று அத்தை பின்னால் பல தடவை சொன்னாள். அம்மா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"இது நல்லாருக்கே. மாதா கலரு," என்றார் மிஸ். "இதே நீலத்துல மெழுகுவத்தி வேணும். கொடியேத்தத்துக்கும் தேருக்கும் ஜனம் கையில புடிக்க. இந்த வருஷம் வெள்ளை வேணாம். வெள்ளை எல்லாக் கோயில்லயும் இருக்குது."

"செஞ்சிடலாம் மிஸ்," என்றாள் அம்மா. விலை பேசுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். மாதாவுக்கு என்று கேட்டால் அவளால் வேறு மாதிரி பேச முடியாது.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்கு மேல் வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி. அம்மாவும் அத்தையும் முதலில் வெள்ளை மெழுகுவர்த்தி மட்டும் வார்த்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு பின்னால் வந்தது, நான் பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் காஸ்டிக் சோடாத் தண்ணீரும் சேர்க்கிற கணக்கைக் கைப்பேசியில் பார்த்து நான் எழுதிக் கொடுத்தேன். காஸ்டிக்கில் கை வைப்பது விளையாட்டு இல்லை என்பதால் எடை போடுவது என் வேலை ஆனது. பாக்கெட்டில் இங்கிலீஷில் அச்சடித்திருப்பதைப் படிப்பது என் வேலை. வாட்ஸப்பில் ஆர்டர் வாங்குவது, ஸ்கூட்டரில் போய்ச் சரக்கு எடுப்பது, எல்லாம் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சேர்ந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், மைல்கல் படிக்கத் தெரியும். "படிச்சவன் நீ, நீயே பாரு," என்று அம்மா ஒரு பொருளை நீட்டினால், அதற்கு மேல் பேச்சு கிடையாது.

நீலப் பொடியை வாங்கியது சிக்பேட்டைச் சந்தில் ஒரு கடையில். மாவைவிட மெல்லிசு. பாக்கெட்டைத் திறந்தாலே காற்றில் எழுந்து நிற்கும். அதனால் அதை எடுக்கும்போது மின்விசிறி போடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது. முதலில் ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்து, கட்டியில்லாமல் தேய்த்து, பிறகுதான் சோப்புக் கூழில் ஊற்ற வேண்டும். ஊற்றிய கணத்தில் கூழ் முழுக்கச் சாம்பலும் நீலமுமாக வரிவரியாக ஓடும். கிளறக் கிளற ஒரே நிறத்துக்கு வந்து நிற்கும். சோப்பில் அந்த நீலம் கொஞ்சமும் வெளுக்கவில்லை, கையில் ஒட்டவில்லை. ஊதா என்று வாங்கிய இன்னொரு பொடி காஸ்டிக் பட்டதும் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்குப் போயிருந்தது. அதனால் நீலத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை அதிகம்.

மழைக்காலம். சோப்பு காயவில்லை. ஈரக் காற்றில் வியர்த்து வியர்த்து நின்றது. பலகைகள் என் பாய் விரிக்கிற இடம் வரை வந்துவிட்டன. படுத்தால் தலைக்கு மேல் சோப்பு, கால் மாட்டில் மெழுகுக் கட்டி, நடுவில் நான். புரண்டு படுக்க இடம் இல்லை. விடிந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் நீலம். நகக் கண்ணில் நீலம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர், "பெயின்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆர்டரை ஒப்புக்கொண்ட பிறகு கோயம்புத்தூரிலிருந்து எனக்கு வேலை வந்தது. ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவு. கொடியேற்றத்துக்கு மறுநாள் காலை சேர வேண்டும். தங்குவதற்கு ஒரு ஹாஸ்டலில் அட்வான்ஸ் அனுப்பினேன். கொடியேற்றம் முடிந்து கிளம்பும் பஸ்ஸில் டிக்கெட் போட்டேன். அந்த ஹாஸ்டல் அறையின் படத்தை அவர்கள் அனுப்பியிருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு பெரிய ஜன்னல். ஜன்னல் திறந்திருந்தது. அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அம்மா சந்தோஷப்பட்டாள். மாடிப்படியில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொன்னாள். இரவுச் சாப்பாட்டில் மட்டும், "அப்போ எடை யாரு போடுவா?" என்றாள்.

"நான் போடறேன்," என்றாள் அத்தை.

"உனக்கு அதுல நம்பரு தெரியுமா அண்ணி?"

"பஸ்ஸு நம்பரு தெரியாமயா சிவாஜிநகர் போயிட்டு வரேன்? போம்மா."

எனக்கு அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மெழுகில் நீலத்தைச் சேர்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுடுதண்ணீர் அண்டாவுக்குள் வைத்த பாத்திரத்தில் மெழுகு உருகி, தண்ணீர்போல் தெளிந்து நின்றது. சோப்புக்குச் செய்ததுபோலவே பொடியைக் கொஞ்சம் மெழுகில் குழைத்து ஊற்றினோம். பொடி மெழுகில் கரையாது. மிதக்கும், பிறகு மெதுவாக அடியில் இறங்கும். அதனால் கரண்டியை நிறுத்தாமல் கிளறிக்கொண்டே வார்க்க வேண்டியிருந்தது. அம்மா வார்த்தாள், நான் கிளறினேன். மெழுகுவர்த்தி அச்சு தலைகீழாக நிற்பது. கூர் முனை கீழே இருக்கும். அச்சுக்குள் போன பிறகு யாரும் கிளற முடியாது இல்லையா? மெழுகு ஆறி இறுகுகிற நேரத்துக்குள் நீலம் இறங்கி முனையில் போய்த் தங்கிவிட்டது.

அச்சைத் தட்டி முதல் மெழுகுவர்த்தியை உருவியபோது அத்தை, "ஐயோ, அழகு!" என்று கத்தினாள். உச்சியில் கருநீலம், கீழே வர வர வெளுத்து, அடியில் வானத்து நீலம். மாதாவின் முக்காடு தோளில் விழுகிற மாதிரி இருந்தது. நாங்கள் திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட அப்படி வந்திருக்காது. அம்மா முந்தானையால் அதைத் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒண்ணு கொளுத்திப் பாக்கலாம்மா," என்றேன்.

"எதுக்கு?"

"எரியுதான்னு."

"மெழுகுவத்தி எரியாம?"

"கலர் போட்டிருக்கமே. சும்மா ஒண்ணே ஒண்ணு."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. இது எங்கள் வீட்டில் முதலிலிருந்தே உள்ளது. கோயிலுக்குப் போகிற மெழுகுவர்த்தியை வீட்டில் ஏற்றக் கூடாது. யாரோ ஒருத்தர் நேர்ந்துகொண்டு ஏற்றப்போகிற திரி. அதில் நாம் முதலில் நெருப்பு வைத்தால் அது எச்சில். ஒன்றைத்தானே ஏற்றுகிறோம் என்றால் அதுவும் இல்லை. ஒரு வார்ப்பு முழுக்க ஒரே நேர்ச்சை, ஒரு பானைச் சோறு மாதிரி. அம்மாவின் அம்மா வீட்டில் பொங்கல் படைத்தவர்கள். படைக்கிற வரை நாக்கில் வைக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அம்மாவின் கை அதை விடவில்லை. பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடந்து கரண்டும் போயிருந்த ஒரு சாயங்காலம், வீடு நிறைய மெழுகுவர்த்தி இருக்க, கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்து ஏற்றியவள். அந்தப் பிள்ளை நான்.

"மாதாவுக்குக் குடுக்கறத நாம ருசி பாத்துட்டா குடுப்போம்?" என்றாள். "வேணும்னா அந்தப் பொடி பாக்கெட்டப் படி. படிச்சவன்தானே."

படித்தேன். சோப்பு, குளியல் பொருள்கள் என்று போட்டிருந்தது. மெழுகுவர்த்திக்கு ஆகும் என்றும் இல்லை, ஆகாது என்றும் இல்லை. நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் அன்று வார்ப்பு நிற்கும், மறுநாளும் சண்டை நடக்கும், வேலை தள்ளிப்போகும். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அச்சுகளைத் துடைத்து அடுத்த வார்ப்புக்கு நிறுத்தினேன்.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் என் பை தயாராக இருந்தது. சேரும் நாளுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் காலரில் நீலம் பட்டிருந்ததை அத்தை அலசிப் போட்டிருந்தாள். துணிக்கு நீலம் போட்டதுபோல் அது முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது. கோயில் முற்றத்தில் ஜனம் நின்றது. எல்லோர் கையிலும் எங்கள் மெழுகுவர்த்தி, சொட்டு விழாமல் இருக்கக் காகிதக் கிண்ணம் மாட்டி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு தூணோரம் நின்றாள்.

முன்வரிசையிலிருந்து நெருப்பைக் கைக்குக் கை மாற்றி ஏற்றிக்கொண்டே வந்தார்கள். முற்றம் முழுக்க ஒரு நிமிஷம் ஒளி வந்தது. பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது சரணத்தில் முன்வரிசை இருட்டானது.

காற்று என்று நினைத்தார்கள். பக்கத்தில் இருப்பவரிடமிருந்து மறுபடி ஏற்றினார்கள். சுடர் எழுந்தது, பட்டாணி அளவுக்குச் சுருங்கியது, திரியைச் சுற்றிய மெழுகுக் குளத்தில் மூழ்கியது. ஏற்றுவதற்குள் ஏற்றிக் கொடுத்தவருடையது அணைந்தது. இருட்டு, வரிசையாகப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. திரி மெழுகை உறிஞ்சித்தான் எரிகிறது. இந்தப் பொடி உருகாது, எரியாது. திரியின் நூலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அழகு என்று நாங்கள் சொன்ன அந்தக் கருநீல உச்சியில்தான் பொடி எல்லாம் இருந்தது. ஏற்றுகிற இடமும் அதுதான்.

"இன்னாப்பா, மாதாவுக்கே கரண்ட் கட்டா?" என்றது ஒரு குரல்.

"ஈபிக்கு போன் போடு."

"மெழுகுவத்தியில கூட சைனா சரக்கு வந்துடுச்சுபா."

"சைனா இல்ல, நம்ம மூணாவது மாடி சரக்கு," என்றாள் ஒரு பெண். பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்து, அம்மா நின்ற பக்கம் கண்ணைக் காட்டினாள். அம்மா அசையவில்லை. தன் கையிலிருந்த அணைந்த மெழுகுவர்த்தியை, எரிகிற மெழுகுவர்த்தியைப் பிடிப்பதுபோலவே நேராகப் பிடித்துக்கொண்டு பாட்டு முடியும் வரை நின்றாள்.

மிஸ் எங்களுக்கு முன்னாலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார். "ஆனா தேருக்கு இது ஆகாது. எல்லாருக்கும் வேற குடுத்தாகணும். நீலமாத்தான் குடுக்கணும், மேளம் கொட்டி நீலம்னு சொல்லியாச்சு. உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடும்மா, நான் கடையில பாத்துக்கறேன். அப்புறம் அடுத்த வருஷத்துக்கு உங்கிட்ட வர முடியாது. என்னை ஆளாளுக்குக் கேப்பாங்க."

"குடுக்கறேன் மிஸ்," என்றாள் அம்மா.

அவர் போன பிறகு மூவரும் உட்கார்ந்திருந்தோம். தேருக்கு ஒரு வாரம்கூட இல்லை. தேருக்கென்று கட்டி வைத்திருந்த நீல மெழுகுவர்த்திகள் அட்டைப் பெட்டிகளில் கதவு வரை அடுக்கியிருந்தன. என் பையை எடுக்க வேண்டும் என்றால் அந்தப் பெட்டிகளை நகர்த்த வேண்டும்.

"நீ கெளம்பு கண்ணு," என்றாள் அத்தை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாங்க பாத்துக்கறோம்."

அம்மா தலையாட்டினாள். "ஆமா, போ. தோச சுட்டு வெச்சிருக்கேன், எடுத்துக்கோ." அதே மூச்சில், "மெழுகு எங்க வாங்கினே? அந்தக் கடை நம்பர மட்டும் அத்தை போன்ல போட்டுட்டுப் போ," என்றாள்.

அத்தையின் போன் பட்டன் போன். அதில் பேர் சேர்த்து வைக்க அவளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நான் நம்பரைப் போட்டேன். பிறகு எந்தக் கட்டி, என்ன திரி என்று சொன்னேன். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னது ஒன்றும் அவர்களுக்குள் இறங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. போகாதே என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டுக்கொண்டு போயிருப்பேன். யாரும் சொல்லவில்லை. தோசைப் பொட்டலம் என் மடியில் சூடாக இருந்தது.

போன் அடித்தது. பஸ்காரர். "சார், எல்லித்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். எங்கே இருக்கிறேன் என்று எனக்கே நன்றாகத் தெரிந்தது. "பரல்ல, நீவு ஹோகி," என்றேன். வரவில்லை, நீங்கள் போங்கள். கன்னடத்தில் சொன்னதால் அத்தைக்கும் அம்மாவுக்கும் புரியாமல் போகவில்லை. அவர்கள் பிறந்ததே இந்த ஊரில்தான். அத்தை எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு வாரம் தள்ளிச் சேரலாமா என்று கேட்டேன். வீட்டில் என்ன விசேஷம் என்றார் அந்தப் பக்கத்து மனிதர். மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? உடம்பு சரியில்லை என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார். நல்ல குரலில்தான் சொன்னார்.

முதலில் உச்சியை வெட்டிப் பார்க்கலாம் என்றாள் அத்தை. வெட்டினால் மொட்டையாக இருந்தது. அடியிலும் பொடி கொஞ்சம் இருக்குமே. கடைசியில் கைப்பேசியில் தேடித் தேடி ஒரு வழி பிடித்தேன். உள்ளே பொடி படாத வெள்ளை மெழுகுவர்த்தி வார்ப்பது. பழைய நீலத்தை உருக்கி, அதில் வெள்ளையை அடிப்பக்கமாகக் கழுத்து வரை ஒரே முறை முக்கி எடுப்பது. நிறம் தோலில் மட்டும் இருக்கும். திரிப் பக்கம் போகாது. ஜன்னலை அடைத்துவிட்டு, அடுப்பின் மேல் இரண்டு அண்டா வைத்து, நாள் முழுக்க நின்றோம். ஜன்னல் திறந்தால் காற்றுப் பட்டு மேல்பூச்சு விரிசல் விடும். சுவரில் மெழுகு ஆவி படிந்து, தொட்டால் கை வழுக்கியது. கூரையிலிருந்து தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் வெளி உலகத்தின் ஒரே சத்தமாகக் கேட்டது.

முதல் பத்து ஆறியதும் ஒன்றை எடுத்தேன். அம்மா என் கையைப் பார்த்தாள்.

"வேணாம்," என்றாள்.

"அம்மா."

"வேணாம்டா. சொல்றேன்."

"நான் பஸ்ஸ வுட்டேன்மா," என்றேன். இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை.

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து மாடிப்படிக்குப் போய்விட்டாள். நான் தீக்குச்சியைக் கிழித்தேன். சுடர் எழுந்து, நீண்டு, ஆடாமல் நின்றது. அத்தையும் நானும் அது பாதி எரியும் வரை தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நீலத் தோல் மெலிந்து மெலிந்து உள்ளே மடங்கியது. அணையவில்லை.

"எரியுதா?" என்று படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"எரியுது," என்றாள் அத்தை.

தேருக்கு முன்னால் மிஸ் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். "தல மட்டும் வெள்ளையா இருக்கே?"

"நமக்கெல்லாம் இல்லையா மிஸ்?" என்றாள் அத்தை.

தேரன்று நான் போகவில்லை. மூன்றாவது மாடிப் படியில் நின்று பார்த்தேன். தெரு முனையில் விளக்குகள் திரும்பி, அணையாமல் நீண்டு போய்க்கொண்டிருந்தன. கம்பெனியிலிருந்து அதற்கு முந்தின நாளே மெசேஜ் வந்திருந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். ஹாஸ்டல்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாது என்றார். அந்த அறையின் படம் இன்னும் என் போனில் இருக்கிறது, அழிக்கத் தோன்றவில்லை.

இப்போதும் நான் இங்கேதான் இருக்கிறேன். எடை போடுகிறேன், பாக்கெட் படிக்கிறேன். கோயில் ஆர்டர் வார்க்கும்போதெல்லாம் முதல் மெழுகுவர்த்தியை அடுப்படியில் நான் ஏற்றுகிறேன். அம்மா தடுப்பதில்லை. தீக்குச்சிச் சத்தம் கேட்பதற்கு முன் எழுந்து படிக்குப் போய்விடுவாள். அங்கே இருந்தபடியே, "எரியுதா?" என்று கேட்பாள்.

அப்பா தேருக்கு இரண்டு நாள் கழித்து வந்தார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலடியில் கிடந்த பழைய நீல மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். அத்தை எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு கொளுத்திப் பாக்கலையா?" என்றார் பிறகு.

அத்தை அம்மாவைப் பார்த்தாள்.

"வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி லைட்டு எரியுதான்னு நான் எறங்கிப் பாக்கறனா இல்லையா?"

"அது லைட்டு," என்றாள் அம்மா, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே. "இது நேந்துக்கறது."

அப்பா மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "கோயம்புத்தூருக்கு எப்போ?"

"ஆள் போட்டுட்டாங்களாம்பா."

அவர் கொஞ்ச நேரம் சோப்புப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் விரிக்கிற இடத்தையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"செரி," என்றார். "மொத்தம் எவ்ளோ ஆச்சு?"

புது மெழுகு, திரி, இரண்டு காஸ் சிலிண்டர், கொடியேற்றத்துக்கு வாங்காமல் விட்ட பணம், பஸ் டிக்கெட், ஹாஸ்டல் அட்வான்ஸ், எல்லாவற்றையும் மனதில் கூட்டிச் சொன்னேன்.

"இருபத்தி மூணாயிரத்து அறுநூறு ரூபாப்பா."